பாலக்கோட்டு மொட்டை மாடியிலிருந்து ரோசெட் நெபுலா: எந்த ஃபில்டர் வாங்குவது, அதற்கு முன் என்னென்ன வேண்டும்?

பாலக்கோடு மாடி (இழையைத் தொடங்கியவர்), ஜனவரி 6

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு இருக்கிறது. கேனான் கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா ஒன்றும், 55–250 லென்சும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்சும் என்னிடம் உள்ளன. தீபாவளிக்குப் பிறகு வானத்தின் சுழற்சிக்கேற்பக் கேமராவை மெல்லத் திருப்பும் பழைய ஸ்டார் டிராக்கர் ஒன்றையும் ஒருவரிடமிருந்து வாங்கினேன். மார்கழிப் பனியில் நான்கு இரவுகள் மாடியில் நின்று ஓரியன் நெபுலாவை (விண்வெளியிலுள்ள வாயு முகில்) எடுத்தேன். அதன் நடுப்பகுதி ஓரளவு நன்றாகவே வந்தது. அந்த உற்சாகத்தில் ரோசெட் நெபுலாவுக்குத் திரும்பி, 60 விநாடி வீதம் 70 படங்கள் எடுத்து அடுக்கிப் பார்த்தால், நடுவிலுள்ள விண்மீன் கொத்து மட்டும் தெரிகிறது. அதைச் சுற்றி இருக்க வேண்டிய சிவப்பு வளையத்தின் இடத்தில் அலசாத துணியைப் போல ஒரு பழுப்பு நிறம்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் எல்லாம் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். கிழக்கே ஒரு சாமந்தித் தோட்டத்தில் இரவில் வரிசையாகப் பல்புகளை எரியவிடுகிறார்கள். வடமேற்கில் ஓசூர், பெங்களூரு வெளிச்சம் அடிவானத்தில் படிந்திருக்கிறது. ஃபில்டருக்கென்று 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கேமராவின் உள்ளே பொருத்தும் கிளிப் வகை இரட்டைப்பட்டை ஃபில்டரை வாங்கலாமென்று எண்ணி, ஆர்டர் செய்யும் பக்கம் வரை போய்விட்டுத் தயங்கி நிற்கிறேன். பழைய தொலைநோக்கியுடன் வந்த மஞ்சள், சிவப்பு, நீல ஃபில்டர்களும் ஒரு மூன் ஃபில்டரும் உருவத்தைப் பெரிதாக்கும் ஒரு பார்லோ லென்சும் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றால் ஏதேனும் பயன் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஊத்தங்கரை இயற்பியல் ஆசிரியை, ஜனவரி 6

தம்பி, பெட்டியில் கிடப்பவற்றை முதலில் முடித்துவிடுவோம். வண்ண ஃபில்டர்கள் கோள்களைக் கண்ணால் பார்ப்பதற்கானவை. மூன் ஃபில்டர் எல்லா ஒளியையும் ஒரே அளவில் குறைப்பது. மங்கலான நெபுலாவுக்கு அது நேர் எதிரி. பார்லோ உங்கள் கேமரா லென்சுடன் சேராது. அந்தப் பெட்டியில் கண்ணருகு லென்சில் திருகும் சன் ஃபில்டர் இருந்தால் அதை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்து வரும் வெயில் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரோசெட் போன்ற உமிழ்வு நெபுலாக்கள் எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் ஒளிர்கின்றன. ஹைட்ரஜன்-ஆல்பா 656.3 நானோமீட்டரிலும், இரட்டை அயனியாக்கம் பெற்ற ஆக்சிஜன் 495.9, 500.7 நானோமீட்டர்களிலும் உள்ளன. ஹைட்ரஜன்-பீட்டா 486.1இல் இருக்கிறது. கந்தகத்தின் கோடுகள் 672ஐ ஒட்டி வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 வரை பரவியிருக்கிறது என்று கொண்டால், 7 நானோமீட்டர் அகலமுள்ள இரண்டு சன்னல்களை மட்டும் திறந்து வைக்கும் இரட்டைப்பட்டை ஃபில்டர் அந்த 300இல் 14ஐத்தான் உள்ளே விடுகிறது. நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அந்தப் பதினான்குக்குள் அடங்கிவிட, தெருவிளக்கின் ஒளியோ முந்நூறிலும் பரந்து கிடப்பதால் அதன் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது.

இங்கே பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபில்டர் நெபுலாவைப் பிரகாசமாக்குவதில்லை. பாரதக் கூத்து நடக்கும் திடலில் பக்கத்துக் கடையின் ஒலிபெருக்கியை நிறுத்தினால் கூத்தாடியின் பாட்டு கேட்கும். அவர் குரல் அதனால் உயர்ந்துவிடவில்லை. ஆகவே ஃபில்டர் போட்ட பின்னும் நீண்ட நேரம் ஒளி சேர்க்க வேண்டியிருக்கும். சொல்லப்போனால் முன்னைவிடக் கூடுதலாகவே சேர்க்க வேண்டியிருக்கும்.

மலிவாகக் கிடைக்கும் சி.எல்.எஸ். வகை ஃபில்டர்கள் சோடியம், பாதரச விளக்குகளின் கோடுகளை வெட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டரை ஒட்டிக் குவிந்திருந்ததால் அதை மட்டும் வெட்டி எறிவது எளிதாக இருந்தது. வெள்ளை எல்.இ.டி. அப்படியில்லை, 450 அருகே ஒரு நீல முகடும், அதையடுத்து பச்சையிலிருந்து சிவப்பு வரை ஒரு நீண்ட மேடும் அதற்கு உண்டு. உங்கள் தெருவில் விளக்கு மாறிய நாளிலேயே சி.எல்.எஸ். ஃபில்டரின் மதிப்பும் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் இரவுப்பணி, ஜனவரி 7

ஆசிரியை அம்மா சொன்னது முழுவதும் சரி. ஆனால் நண்பரே, அந்தக் கிளிப் ஃபில்டரை ஆர்டர் செய்துவிடாதீர்கள். உங்கள் 55–250 லென்ஸ் ஈ.எஃப்-எஸ் வகையைச் சேர்ந்தது. அவ்வகை லென்சுகளின் பின்பகுதி கேமராவின் உள்ளே கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பதால், உள்ளே கிளிப் ஃபில்டர் இருக்கும்போது அவற்றை மாட்ட முடியாது. வலிந்து மாட்டினால் கண்ணாடி உடையும். உங்களிடம் உள்ளவற்றில் 50 மி.மீ. லென்ஸ் மட்டுமே கிளிப்புடன் பொருந்தும். ஆனால் அதைக்கொண்டு கிராப் சென்சாரில் எடுத்தால் சுமார் 25 பாகை அகல வானம் விழும். ஒன்றேகால் பாகை அளவேயுள்ள ரோசெட் அதில் ஒரு பொட்டுப் போலத் தெரியும்.

அதற்குப் பதிலாக 2 அங்குல ஃபில்டரை வாங்கி லென்சின் முன்னால் மாட்டுங்கள். உங்கள் லென்சின் முன்வாய்த் திருகு 58 மி.மீ.; 2 அங்குல ஃபில்டரின் திருகு 48 மி.மீ. இடையில் 58–48 ஸ்டெப் டவுன் ரிங் ஒன்று போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாயைச் சுருக்கினால் ஒளி குறையுமே என்று தோன்றலாம். 250 மி.மீ.யில் உங்கள் லென்சின் முழுத் திறப்பே எஃப் 5.6 தான், அதாவது சுமார் 45 மி.மீ. விட்டம். ஃபில்டரின் உள்விட்டமும் ஏறத்தாழ அதேதான். ஓரங்களில் கொஞ்சம் இருள் கட்டலாம். சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் ஃபிளாட் படங்களைக் கொண்டு திருத்தினால் அது நீங்கிவிடும்.

முன்னால் மாட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இத்தகைய ஃபில்டர்கள் கண்ணாடியின் நிறத்தால் வேலை செய்வதில்லை, மெல்லிய பூச்சு அடுக்குகளின் குறுக்கீட்டால் வேலை செய்கின்றன. ஒளி சாய்ந்து நுழைந்தால் அவற்றின் சன்னல் நீலத்தை நோக்கி நகர்ந்துவிடும். லென்சுக்குப் பின்னால் ஒளி கூம்பாகக் குவிகிறது; எஃப் 2 கூம்பின் விளிம்பில் வரும் கதிருக்கு அந்த நகர்வு ஏறக்குறைய 5 நானோமீட்டர். 7 நானோமீட்டர் சன்னலில் அது பெரிய இழப்பு. எஃப் 4இல் ஒன்றைச் சற்றே தாண்டும், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. முன்னால் மாட்டினால் கூம்பு என்ற பேச்சே இல்லை. படத்தின் ஓரத்திலுள்ள விண்மீன்கள் மட்டும் சிறிது சாய்ந்து வரும், அதுவும் 200 மி.மீ. லென்சில் நான்கு பாகைக்குள் அடங்கிவிடும். இதே ஃபில்டரை 18 மி.மீ. அகலக்கோண லென்சின் முன்னால் மாட்டினால் நடுவில் மட்டும் நெபுலாவும் ஓரமெல்லாம் வெறுமையுமாக வரும். நான் ஒரு முறை அப்படி முழு இரவையும் வீணடித்திருக்கிறேன்.

எந்த ஃபில்டர் என்றால், எஸ்விபோனி எஸ்வி220, ஆப்டோலாங் எல்-எக்ஸ்ட்ரீம் இரண்டுமே 7 நானோமீட்டர் வகை. முதலாவது உங்கள் தொகைக்குள் வரும். 3 நானோமீட்டர் எல்-அல்டிமேட் தொடங்குபவருக்குத் தேவையில்லை.

பாலக்கோடு மாடி, ஜனவரி 7

ஓசூர் அண்ணா, நல்ல வேளையாகத் தடுத்தீர்கள். இல்லையென்றால் லென்சும் போயிருக்கும், ஃபில்டரும் போயிருக்கும். இன்னொரு ஐயம் இருக்கிறது. என் கேமரா எந்த மாற்றமும் செய்யாதது. அதற்குள்ளேயே சிவப்பை வெட்டும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் வெளியே இன்னொன்றை மாட்டி என்ன பயன்?

கிருஷ்ணகிரி கேமரா பழுதுபார்ப்பவர், ஜனவரி 8

முப்பது ஆண்டுகளாகக் கேமராக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். சென்சாரின் முன்னால் நீலப்பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். மனிதத் தோல், சேலை, இலை எல்லாம் கண்ணுக்குத் தெரிவதுபோல் படத்திலும் வர வேண்டும் என்பதற்காக அது அகச்சிவப்பை முழுவதும் தடுத்து, அடர்சிவப்பையும் குறைக்கிறது. ஹைட்ரஜன்-ஆல்பா விழும் 656இல் பொதுவாக நான்கில் ஒரு பங்குதான் சென்சாரைச் சேரும். அதனால்தான் கேனான் நிறுவனமே 2012இல் 60டிஏ, 2019இல் இ.ஓ.எஸ். ஆர்.ஏ. என்று வானப் படங்களுக்கென்றே தனிக் கேமராக்களை வெளியிட்டது. நிக்கானும் 2015இல் டி810ஏ கொண்டுவந்தது.

உங்கள் கேமராவிலும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட முடியும். கைதேர்ந்தவர் செய்தால் அரை நாள் வேலை. ஆனால் கண்ணாடி போனபின் சென்சாரின் உயரத்தைத் திரும்பச் சரிசெய்யவில்லை என்றால் தானியங்கி ஃபோகஸ் பிசகும். பகல் படங்களில் எல்லாரும் வெயிலில் கருகியவர்போலச் சிவந்து தெரிவார்கள். வீட்டில் வேறு கேமரா இல்லாதவருக்கு இதை நான் செய்து கொடுப்பதில்லை. காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போய் நிறம் கெட்டு, என் கடைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. அகச்சிவப்புத் தடையை முழுவதும் நீக்கிவிட்டால் அதற்கும் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் ஒரு யு.வி.–ஐ.ஆர். கட் ஃபில்டர் தனியாக வாங்க வேண்டும்; இல்லையேல் விண்மீன்கள் ஊதிப் பெருக்கும்.

மாற்றாமலும் எடுக்கலாம். நான்கில் ஒரு பங்கு ஒளி என்றால், மாற்றிய கேமரா ஒரு மணி நேரத்தில் தருவதை உங்களுடையது ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தரும், அவ்வளவுதான். மின்கட்டணம் ஏறப்போவதில்லை.

அரூர் மலையடிவாரம், ஜனவரி 8

எல்லாரும் ஃபில்டரைப் பற்றியே பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிகிறேன். 25,000 ரூபாய்க்கு எத்தனை முறை சித்தேரிக்கோ வத்தல்மலைக்கோ போய் வரலாம் என்று கணக்குப் பாருங்கள். இருண்ட வானத்தில் ஃபில்டர் இல்லாமல் இரண்டு மணி நேரம் எடுத்தால் நெபுலாவும் வரும், விண்மீன்களின் இயல்பான நிறமும் வரும், இடையிலுள்ள தூசும் வரும். இரட்டைப்பட்டை ஃபில்டருடன் எடுத்தவை எல்லாம் எனக்கு ஒரே மாதிரியாகத்தான் தெரிகின்றன: சிவப்பும் நீலப்பச்சையும், நடுவே வெளுத்த விண்மீன்கள்.

கார்த்திகைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி ஆறாமீன் என்று காட்டியது. அதைச் சுற்றியுள்ள நீல நெபுலா தானாக ஒளிர்வதில்லை. விண்மீன்களின் ஒளியைத் தூசு திருப்பி அனுப்புகிறது. அது எல்லா அலைநீளத்திலும் பரந்த ஒளி. இரட்டைப்பட்டை ஃபில்டரைப் போட்டால் தெருவிளக்கோடு சேர்த்து அதையும் கொன்றுவிடுவீர்கள். கேட்டை விண்மீனைச் சுற்றியுள்ள மஞ்சள், நீல முகில்களுக்கும் ஆந்திரமேடா விண்மீன் திரளுக்கும் இதே கதைதான்.

ஓசூர் இரவுப்பணி, ஜனவரி 8

அரூர் ஐயா, நீங்கள் சொல்லும் இலக்குகளுக்கு நானும் ஃபில்டரைக் கழற்றிவிடுகிறேன். ஆனால் வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவன் மலைக்குப் போகும் இரவுகள் ஆண்டுக்கு எத்தனை? ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்விடும். மிச்சமுள்ள அமாவாசைகளில் பெரும்பாலானவை ஞாயிறு அல்ல. என் மாடியிலிருந்து பெங்களூரின் வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம். அங்கிருந்தும் கலிஃபோர்னியா நெபுலாவை எடுத்திருக்கிறேன். ஃபில்டர் இருந்தால் பாதி நிலவிலும் வேலை நடக்கும். ஆக்சிஜன் கோடு நிலவொளியில் அடிபடும், ஹைட்ரஜன் தாக்குப்பிடிக்கும்.

இருட்டைத் தேடி அஞ்செட்டி, உரிகம் பக்கம் போகலாமென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அது யானைகள் நடமாடும் காடு. இரவில் வண்டியை ஓரங்கட்டி டிரைபாட் விரிக்கும் இடமல்ல.

அரூர் மலையடிவாரம், ஜனவரி 9

யானை விஷயத்தில் மறுபேச்சில்லை. மாடியைவிட்டு நகர முடியாதவருக்கு உமிழ்வு நெபுலா என்றால் ஃபில்டர் தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுத்தொகையையும் அதிலேயே போட வேண்டாம். பனிக்கும் ஃபோகசுக்கும் ஏதாவது மிச்சம் வையுங்கள் தம்பி.

ஊத்தங்கரை இயற்பியல் ஆசிரியை, ஜனவரி 9

அரூர் ஐயா கடைசியில் சொன்னதுதான் இந்த இழையிலேயே முதலில் வந்திருக்க வேண்டியது. என் அனுபவத்தில் தொடங்குபவர்களின் படம் கெடுவது ஃபில்டர் இல்லாததால் அல்ல. ஃபோகஸ் பிசகுவதாலும், டிராக்கரின் அச்சை வான துருவத்தை நோக்கித் திருப்பும் துருவ நேர்ப்படுத்தல் சரியில்லாததாலும், நள்ளிரவுக்குமேல் லென்சில் பனி படிவதாலும்தான்.

ஃபோகசுக்கு பாட்டினோவ் மாஸ்க் வாங்குங்கள். கீற்றுக் கீற்றாக வெட்டிய தகடுதான் அது. சிரியசைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் விண்மீனிலிருந்து மூன்று கோடுகள் தெறிக்கும். நடுக்கோடு மற்ற இரண்டின் சந்திப்பில் சரியாக விழும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். ஃபில்டரை மாட்டிய பிறகே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் சாதாரண லென்சுகளில் வெள்ளை ஒளிக்கும் ஹைட்ரஜன் சிவப்புக்கும் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிறகு வளையத்தின்மீது ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் வளையத்துக்கும் ஒட்டுங்கள்; தலைக்கு மேலே நிமிர்த்தினால் அந்த லென்ஸ் தன் எடையாலேயே மெல்லச் சரியும். இமேஜ் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

பனிக்கு யு.எஸ்.பி.யில் இயங்கும் ஹீட்டர் பட்டை ஒன்றும் நல்ல பவர் பேங்க் ஒன்றும் போதும். பட்டையை ஃபில்டரை ஒட்டிச் சுற்றுங்கள், ஏனென்றால் இனி வானத்தை நேராகப் பார்த்துக் குளிரப்போவது லென்ஸ் அல்ல, ஃபில்டர்தான்.

துருவ நேர்ப்படுத்தல்தான் நம் ஊர்க்காரர்களின் தனித் தொல்லை. பாலக்கோட்டில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். உங்களுக்கு அது ஓசூர் வெளிச்சத்தை ஒட்டியே அமையும். பெரும்பாலான காணொளிகள் 40, 50 பாகை உயரத்தில் அதைப் பார்ப்பவர்கள் செய்தவை. டிராக்கரை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது எதிர்எடை டிரைபாட் காலில் இடிக்கும். ஒரு காலை நேர் தெற்கே வைத்தால் எடை வடக்கேயுள்ள இரண்டு கால்களுக்கு நடுவே இடிக்காமல் சுழலும்.

ஆனால் இந்த 12 பாகைக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. ரோசெட் நமக்கு உச்சியை ஒட்டி 83 பாகைவரை ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் இரவு 9.30 மணியளவில் தெற்கே கரீனா நெபுலா 18 பாகை உயரத்தில் நிற்கும்; வட இந்தியாவில் டெல்லிக்காரருக்கு அது அடிவானத்தைவிட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியதற்கு, இங்கிருந்து தென்வானமும் எட்டும் என்பதும் ஒரு காரணம்.

பாலக்கோடு மாடி, பிப்ரவரி 17

தாமதத்துக்கு மன்னிக்கவும். 7 நானோமீட்டர் இரட்டைப்பட்டை ஃபில்டர், ரிங், பாட்டினோவ் மாஸ்க், ஹீட்டர் பட்டை என அனைத்தையும் வாங்கிவிட்டேன். கேமராவை மாற்றவில்லை.

முதல் இரவு வீண். ஹீட்டரை லென்சின் நடுவில் சுற்றிவிட்டேன். இரண்டு மணிக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில்டர், கொதிக்கும் சோற்றுப்பானையின் மூடிபோல வியர்த்திருந்தது. அடுத்த மூன்று இரவுகளில் 200 மி.மீ.யில் 120 விநாடி வீதம் 140 படங்கள் தேறின. காலையில் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து லென்சின்மேல் கட்டி, விடியும் வானத்தை நோக்கி ஃபிளாட் படங்களையும் எடுத்தேன். சிரில் மென்பொருளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியே பிரித்து அடுக்கியபோது வளையம் முழுவதுமாகத் தெரிந்தது. மங்கல்தான், ஆனால் உள்ளே ஓடும் கரிய தூசு இழைகள்கூடப் பிரிந்து தெரிகின்றன. ஆக்சிஜன் படம் மட்டும் இன்னும் மணல் தூவியதுபோல இருக்கிறது.

குதிரைத்தலை நெபுலாவையும் ஓரிரவு முயன்றேன். அதன் அருகிலுள்ள ஆல்நிடாக் விண்மீனைச் சுற்றிப் பெரிய வெளிர் வட்டம் ஒன்று விழுந்திருக்கிறது. இது ஃபில்டரின் பழுதா?

கிருஷ்ணகிரி கேமரா பழுதுபார்ப்பவர், பிப்ரவரி 17

பழுதில்லை. ஃபில்டரின் பரப்புக்கும் லென்சின் முன்கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி எதிரொளித்துத் திரும்புவதால் வரும் வட்டம் அது. விலை உயர்ந்தவற்றில் குறையும், முழுவதும் போவது அரிது. ஆல்நிடாக்கைச் சட்டத்தின் நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். வட்டம் இடம் மாறும், குதிரைத்தலையின்மீது விழாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் இரவுப்பணி, பிப்ரவரி 18

மாற்றாத கேமராவில் ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரத்துக்கு இது மிக நல்ல படம். ஆக்சிஜனுக்கு நிலவில்லாத இரவுகளில் இன்னும் அவ்வளவு நேரம் சேருங்கள். சாமந்தித் தோட்டத்துப் பல்புகள் பக்கவாட்டில் ஃபில்டரின்மேல் நேராக விழுகின்றனவா என்று பாருங்கள். வானத்தில் பரவும் ஒளியைத்தான் ஃபில்டர் வடிக்கும். கண்ணாடியின்மேல் நேராக அடிக்கும் வெளிச்சம் படத்தின் மாறுபாட்டைக் கெடுத்துவிடும். கருப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி ஒரு சாண் நீளத்துக்கு முன்னால் மாட்டினால் போதும்.

பாலக்கோடு மாடி, பிப்ரவரி 18

அட்டை இன்று மாட்டுகிறேன் அண்ணா. தோட்டத்துக்காரரிடமும் நேரில் போய்ப் பேசினேன். சாமந்தி நீண்ட இரவு கண்டால்தான் மொட்டு வைக்குமாம். செடி வேண்டிய உயரம் வளரும்வரை இரவை உடைப்பதற்காகத்தான் பல்பு எரிக்கிறார்கள். இந்தப் பாத்திக்கு வரும் வெள்ளியோடு விளக்கை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். மார்ச் முதல் வாரம்வரை ரோசெட் மாலையிலேயே உச்சிக்கு வந்துவிடுவதால், மீதி ஆக்சிஜன் படங்களை விளக்கு நின்ற பிறகு எடுத்து இங்கேயே பதிகிறேன்.